பொட்டு வைக்காத பெட்டி

நான் பணி ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, நாலு பேர் நல்ல விதமாகப் பேசி முடித்த பிறகு, போண்டா தின்றுகொண்டிருந்த என் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்து உட்கார்ந்தார். "மேடம், கேம் ஆடுற கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாமா, கூடாதா? கஸ்டமர் கேக்கிறாங்க. ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போங்க" என்றார். வாயில் போண்டா இருந்ததால் தப்பித்தேன்.

அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டும் இல்லை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஒரே வார்த்தை வேண்டும் என்றால் என்னிடம் கிடையாது. இதே கேள்வியை ஒரே கடையில், ஒரே பெண்மணி என்னிடம் மூன்று முறை கேட்டார். முதல் முறை வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை போடு என்றேன். மூன்றாம் முறை திரும்பவும் வேண்டாம் என்றேன். மூன்றுமே சரியான பதில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இவள் என்ன குழப்புகிறாள் என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள்.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், அங்கிருந்து மாமல்லபுரம் கடற்கரை, வடக்கே கேளம்பாக்கம் வரை எங்கள் எல்லை. டூல்ஸ் பையோடு ஒரு பொம்பளை வந்து இறங்கினால், "இன்ஜினீயர் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

என்னோடு அதே வாரம் சேர்ந்த ஒருவர் இருந்தார். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். ஒருமுறை திருவிடந்தைப் பக்கம் ஒரு கடற்கரை விடுதிக்கு இரண்டு பேரும் போனோம். தங்க வருகிறவர்களின் பிள்ளைகள் ஆடுவதற்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆட்டம் சரியாக ஆட வரவில்லை, இதைவிட வேகமான மெஷின் வேண்டும் என்று மேனேஜர் பிடிவாதமாகச் சொன்னார். நான் புது மாடல்களைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டேன். என்னோடு வந்தவரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியது சீட்டாட்டமும் பாம்பு ஆட்டமும்தான். உப்புக் காற்றில் கீபோர்டு துருப்பிடித்து, பாதிப் பொத்தான்கள் இறங்கினால் ஏறவில்லை. கீபோர்டை மட்டும் மாற்றினார், வேலை முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "மெஷின் இன்னா பண்ணுதுன்னு அப்பால பாரு. முன்னால உக்காந்துகினு கீறவன் இன்னா பண்றான்னு மொதல்ல பாரு."

நான் பிழைப்பு நடத்தியது முக்கால்வாசி இந்த ஒரு பேச்சை வைத்துத்தான்.

இனி ஸ்டெல்லா கதை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழிந்த சமயம். பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கேளம்பாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோக்காரர்கள் கத்துகிற இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் ஸ்டெல்லா கேம் சென்டர் வைத்திருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் திருப்போரூர் பக்கம் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் பன்னிரண்டாவது படித்து, டைப்பிங், கம்ப்யூட்டர் கோர்ஸ் எல்லாம் முடித்து, போர்டில் தன் பெயரை எழுதி ஒரு கடை திறந்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் அது முதல் கடை. அவள் கல்லாவில் உட்காரும் தோரணையைப் பார்த்தாலே உங்களுக்கு அது புரிந்திருக்கும்.

முதல் முறை அவள் கேட்டது, வைரஸ் தொல்லை பொறுக்க முடியாமல். "யக்கா, எல்லாத்தையும் லினக்ஸ் ஆக்கிடுக்கா. அதுல வைரஸ் பேஜாரே இல்லன்றாங்க. திருட்டு சிடிக்கு ரெய்டு வருது, ரெய்டு வருதுன்னு வேற சொல்லிகினு கீறாங்க."

"ஒங்கடைக்கு வர்றவங்க என்ன ஆடுறாங்க?" என்று கேட்டேன்.

"முக்காவாசி கிரிக்கெட்டுதான். அப்பால காரு. சாயங்காலமானா ஐடி பசங்க வந்து டுமீல் டுமீல்னு சுட்டுக்கினு கீதுங்க."

எங்கள் ஆபீஸ் மெஷின் ஒன்றில் மூன்றையும் லினக்ஸில் போட்டுப் பார்த்தேன். துப்பாக்கி ஆட்டத்துக்கு லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு இருந்தது. அது ஜம்மென்று ஓடியது. கார் பந்தயத்தில் கார்கள் மாட்டு வண்டி வேகத்தில் நகர்ந்தன. கிரிக்கெட்டில் திரை முழுக்கக் கறுப்பு, வர்ணனை மட்டும் கேட்டது. ரேடியோவில் கிரிக்கெட் கேட்பதற்குக் கேளம்பாக்கத்துப் பையன்கள் ஸ்டெல்லா கடைக்கு வர மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று செய்தேன். ஐடி பையன்கள் கூட்டமாகச் சுட்டுக்கொள்ளும்போது ஆட்டத்தை நடத்துகிற வேலை ஏதாவது ஒரு மெஷின் தலையில் விழும், அது திணறும். அந்த வேலைக்கென்று ஒரு பழைய மெஷினில் லினக்ஸ் போட்டு, பின்கட்டுப் பரணில் ஏற்றி வைத்தேன். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர் ஒன்றும் மினுக் மினுக்கென்று ஒரு சின்ன விளக்கும்தான். "டிவி இல்லாத கம்ப்யூட்டரா? இன்னாக்கா இது, எலி வளக்கிற பொட்டியாட்டம் கீது" என்று ஸ்டெல்லா முகத்தைச் சுளித்தாள். அதற்குப் பென்குயின் பெட்டி என்று பெயர் வைத்து, பிறகு மறந்தே போனாள்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் வேதகிரி சார். திருக்கழுக்குன்றத்து மலைக் கோயிலில் தலைமுறையாக ஊழியம் செய்த குடும்பம். இவர் அரசு வேலை பார்த்து, ஓய்வு பெற்று, கேளம்பாக்கத்தில் வீடு கட்டி வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் தலைக்குக் கீழே காலை முதல் ராத்திரி வரை துப்பாக்கியும் குண்டும் வெடித்துக்கொண்டிருந்தால் எந்த நல்ல மனிதரும் எத்தனை நாள் பொறுப்பார்? ஸ்டெல்லா ஹெட்போன் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். பையன்கள் எழுந்திருக்கிற வேகத்தில் ஒயரோடு இழுத்து மாதம் திரும்புவதற்குள் அறுத்துவிட்டார்கள். மறுபடி ஸ்பீக்கர்தான். கடைசியில் வேதகிரி சார், ஒரு மருந்துக் கடைக்காரர் இடம் கேட்கிறார், காலி செய்துவிடு என்று சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லா மன்றாடினாள். விஜயதசமி அன்று சுற்றுவட்டார ஐடி பையன்களையும் காலேஜ் பையன்களையும் கூட்டி ஒரு போட்டி நடத்துவதாக ஏற்கெனவே நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. "அன்னிக்கி ஒரு நாளு வந்து பாருங்க சார். ஒய்ங்கா நடத்திக் காட்டுறேன். அப்பால நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்குறேன்." அவரும் யோசித்து, சரி, அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். ஆக, அந்தப் போட்டி ஒழுங்காக நடந்தால் கடை இருக்கும், இல்லாவிட்டால் மருந்துக் கடை வரும்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு நம் ஊர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது. அதனால் மறுநாள் வேலையையும் சேர்த்து அன்றைக்கே, பூஜைக்கு முன்னால், அவசர அவசரமாக முடிப்பது நம் வழக்கம். ஸ்டெல்லா கடையிலும் அந்த அவசரம்தான் வினையாகிவிட்டது. போட்டியில் ஆடவிருந்த திலீப் என்கிற ஐடி பையன், ஆட்டத்தின் புதுப் பதிப்பு என்று யாரோ கொடுத்த ஒரு சிடியைக் காலையில் கொண்டுவந்தான். பூஜைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று ஒரு மெஷினில்கூடச் சோதிக்காமல் எல்லா மெஷினிலும் வரிசையாக ஏற்றிவிட்டான். மத்தியானத்துக்குள் எல்லாம் தானாக அணைந்து, தானாக எரிந்து, மறுபடி அணைய ஆரம்பித்துவிட்டன.

எனக்கு போன் வந்தது. எங்கள் ஆபீஸில் பூஜை முடிந்திருந்தது. என் ஸ்க்ரூ டிரைவர் செட், இடுக்கி, டூல்ஸ் பை எல்லாம் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன. வெறுங்கையோடு கிளம்பினேன். திருப்போரூர் வழி பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருந்தார்கள். வழி நெடுக உடைத்த பூசணிக்காய்.

நான் கடைக்குள் நுழைந்து ஒரு மெஷினைப் பார்த்து, இது வைரஸ்தான் என்று சொல்லி முடிக்கவில்லை. மாடிப்படியில் வேதகிரி சார் இறங்கி வந்தார். கையில் தட்டு, தட்டில் சந்தனம், குங்குமம், பூ, பொரி, கடலை. தன் கட்டடத்தில் இருக்கிற எல்லாக் கடைக்கும் அவரே வந்து பூஜை போடுவது அவர் வழக்கம். போன வருஷம் "நாங்க வேதக்காரங்க சார்" என்று கிறிஸ்தவளான ஸ்டெல்லா தயங்கியதால் அவர் இந்தக் கடைக்கு வரவில்லை. இந்த வருஷம் அவளே போய்க் கூப்பிட்டிருந்தாள்.

ஸ்டெல்லா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் எல்லா மெஷினையும் அணைத்தேன்.

அவர் ஒவ்வொரு மெஷினுக்கும் நிதானமாகச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பூ வைத்தார். கல்லா மெஷினுக்கும் வைத்தார். ஸ்டெல்லா சுண்டல் செய்து வைத்திருந்தாள். அவள் இலையில் வைத்துக் கொடுத்ததை வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். "நாளைக்குக் காலைல நானே வந்து எடுத்துக் கொடுக்கிறேம்மா. அதுவரைக்கும் எதையும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அவர் படியேறி முடித்ததும் திலீப் மெதுவாகச் சொன்னான்: "மேடம், ஷட்டரை இறக்கிக்கலாம். பூவை அப்படியே எடுத்து வச்சுட்டு, வேலைய முடிச்சு, திரும்ப வச்சுடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மறைக்கவில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்ற பயம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. ஆனால் ஸ்டெல்லா தலையை ஆட்டினாள்.

"வாணாம்க்கா. எங்கப்பாரு காலத்துல இவங்கள மாரி ஆளுங்க வூட்டுக்குப் பின்பக்கமா போயிதான் நிப்பாரு. இவரு எங்கடைக்குள்ள வந்து, தன் கையால பொட்டு வச்சு, நாங் குடுத்தத துன்னுட்டுப் போயிருக்காரு. அத நாங் கலைக்க மாட்டேன். கட போனாலும் போவட்டும்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். நெருக்கடி வந்தால் எது முடியாது என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். அதை ஸ்டெல்லா செய்துவிட்டாள். அவள் அந்தக் கதவைச் சாத்தியது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. சாத்தாமல் விட்டிருந்தால் ராத்திரி முழுக்க அதையே நினைத்து, திருட்டுத்தனமாகப் பாதி, பயத்தில் பாதி என்று எல்லாவற்றையும் கெடுத்திருப்போம்.

சரி, எதைத் தொடலாம் என்று சுற்றிப் பார்த்தேன். பின்கட்டுப் பரணில் அந்தச் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. திரை இல்லாததால் அதைக் கம்ப்யூட்டர் என்று யாரும் நினைக்கவில்லை. வேதகிரி சார் பார்க்கவே இல்லை. அந்தக் கட்டடத்திலேயே பொட்டு வைக்காத கருவி அது ஒன்றுதான். திலீப் ஏற்றிய வைரஸும் அதைத் தொடவில்லை.

யோசனை இதுதான். காலையில் மறுபூஜை முடிந்ததும் மெஷின்களை அவற்றின் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எழுப்பக் கூடாது. நெட்வொர்க் ஒயர் வழியாகப் பரண் பெட்டியிலிருந்தே எல்லாவற்றுக்கும் லினக்ஸைக் கொடுத்து எழுப்ப வேண்டும். எதையும் பிரிக்க வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், வைரஸ் பாட்டுக்கு ஹார்டு டிஸ்க்கில் தூங்கட்டும். போட்டி துப்பாக்கி ஆட்டம் மட்டும்தான், அது லினக்ஸில் ஓடும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"லினக்ஸா? நீதான வாணாம்னு சொன்ன?" என்றாள் ஸ்டெல்லா.

"அது கிரிக்கெட் ஆடுறவங்களுக்கு. நாளைக்கு வர்றவங்க சுடத்தானே வர்றாங்க? நாளைக்குப் போடலாம்."

சோதித்துப் பார்க்க ஒரு மெஷின் வேண்டும். ஊரில் இருக்கிற மெஷின் எல்லாம் பூஜையில் இருந்தன. திலீப் எழுந்தான். "என்னோடது இருக்கு மேடம். அதுக்கு எந்தப் பண்டிகைக்கும் லீவு கிடையாது" என்றான். ஷேர் ஆட்டோவில் தன் மெஷினை மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். செய்த காரியத்துக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. திட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அதை வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இருட்டும் நேரத்துக்கு அது எழுந்தது. ஆட்டம் ஓடியது. சத்தமும் வந்தது.

அப்போது ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, தெரிந்ததையும் தெரியாததையும் தனித்தனியாகச் சொன்னேன். இதை நீங்களும் பழகிக்கொள்ள வேண்டும். "திலீப் மெஷின்ல ஓடிடுச்சு. ஆனா ஒன்னோட மெஷினுக்குள்ள இருக்கிற கார்டு வேற. அதுல படம் வருமான்னு எனக்கு இப்ப தெரியாது. நாளைக்குக் காலைல, எல்லாரும் நிக்கும்போதுதான் தெரியும். வரலேன்னா மறைக்காம போட்டிய தள்ளி வச்சிடணும். இப்பவே தள்ளி வைக்கிறதுன்னாலும் சரி. ஒங்கடை, நீதான் சொல்லணும்."

அவள் பொட்டு வைத்த மெஷின்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இருக்கட்டும்க்கா. காலைல பாக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலை கடை வாசலில் பையன்கள் கூட்டம். வேதகிரி சார் குளித்து, திருநீறு பூசி வந்து, கற்பூரம் காட்டி, பூக்களை எடுத்தார். "ம், ஆரம்பிம்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். நான் முதல் மெஷினை எழுப்பினேன். திரை கறுப்பாகவே இருந்தது. பின்னால் யாரோ "என்ன மச்சான், புட்டுக்கிச்சா?" என்று கிசுகிசுத்தது காதில் விழுந்தது. ஸ்டெல்லா என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் அழுந்தியது. பிறகு திரையின் மூலையில் பென்குயின் எட்டிப் பார்த்தது. எழுத்துக்கள் ஓடின. ஆட்டத்தின் முகப்பு வந்தது. தோளில் இருந்த கை தளர்ந்தது. ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் எழுந்துவிட்டன.

ஆனால் சத்தம் இல்லை. ஒரு மெஷினில்கூட இல்லை. ஸ்டெல்லாவின் மெஷின்கள் எல்லாம் ஒரே மாதிரி, மொத்தமாக வாங்கியவை. அவற்றில் சத்தத்துக்கு இருந்த சில்லு அன்றைய லினக்ஸுக்குப் பழக்கமில்லாதது. திலீப் மெஷினில் சத்தம் வந்ததால், படத்தைப் பற்றியே கவலைப்பட்டு, சத்தத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க, சரி பண்ணிடுறேன்" என்று நாக்கு நுனி வரை வந்தது. இந்த அஞ்சு நிமிஷம்தான் நம் தொழிலில் பாதிப் பேரைக் கவிழ்த்திருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பதில் கை வைத்தால் படமும் போகலாம். கையைக் கட்டிக்கொண்டேன். நாற்காலி மேல் ஏறி நின்று எல்லோரிடமும் சொன்னேன்: "நேத்து எல்லா மெஷின்லயும் வைரஸ் வந்துடுச்சு. இது வேற ஏற்பாடு. படம் நல்லா வரும், சத்தம் வராது. யாருக்குமே வராது. வேண்டாம்னு நினைக்கிறவங்க இப்பவே விலகிக்கலாம், வருத்தமில்ல."

ஒரு அணித் தலைவன் முறைத்தான். "எதிராளி நடந்து வர்ற காலடிச் சத்தம் கேக்காம எப்படி மேடம் ஆடுறது?"

"அவனுக்கும் ஒன்னோட சத்தம் கேக்காதுப்பா" என்றேன். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். ஒருவரும் போகவில்லை.

ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க ஒரு வேடிக்கை நடந்தது. எப்போதும் தொண்டை கிழியக் கத்துகிற பையன்கள், ஸ்பீக்கர் இரைச்சல் இல்லாததால் தாங்கள் பேசுவது எதிர் அணிக்குக் கேட்டுவிடும் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் எல்லாம் கண் ஜாடை, கை ஜாடை, காதோடு காதாகப் பேச்சு. அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த அறையில் கீபோர்டு தட்டுகிற சத்தமும் மின்விசிறிச் சத்தமும்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்து வெகு நேரத்துக்குப் பிறகு மாடிப்படியில் காலடி கேட்டது. வேதகிரி சார் இறங்கி வந்து வாசலில் தயங்கி நின்றார். தலைமுடி கலைந்திருந்தது. கண்ணில் தூக்கம்.

"என்னம்மா, போட்டி நின்னு போச்சா? சத்தத்தையே காணோமே" என்றார் ஸ்டெல்லாவிடம்.

ஸ்டெல்லா உள்ளே கையைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். எல்லா நாற்காலியிலும் ஆள், சுவரோரம் நிற்கிற ஆள். மெதுவாக உள்ளே வந்து ஒரு பையனின் முதுகுக்குப் பின்னால் நின்று, திரையில் அவன் ஓடி ஒளிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பின்னாடி ஒருத்தன் வர்றான் பாரு" என்று அவரும் கிசுகிசுத்தார்.

வெளியே வந்து சொன்னார்: "மத்தியானம் நான் கண்ணசந்து எத்தனையோ நாளாச்சும்மா. இன்னைக்கு என்னை அறியாம தூங்கிட்டேன். போட்டி கலைஞ்சு எல்லாரும் போயிட்டாங்கன்னுதான் நினைச்சேன். இப்படி நடத்துறதா இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. இருந்துட்டுப் போ. மருந்துக் கடைக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஸ்டெல்லா பின்கட்டுக்குப் போய்விட்டாள். போய்ப் பார்த்தேன். பரணைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நின்றாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் மத்தியானத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போன சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும்.

சாயங்காலம் பரிசு கொடுத்து எல்லோரும் போன பிறகு மூன்றாம் முறை கேட்டாள். "யக்கா, எல்லாத்தையும் பென்குயினே ஆக்கிடலாம்க்கா. வைரஸும் இல்ல, சத்தமும் இல்ல, வூட்டுக்காரரும் ஹாப்பி."

"நாளைக்குக் காலைல கிரிக்கெட் ஆடப் பசங்க வருவாங்க ஸ்டெல்லா. கறுப்புத் திரையைக் காட்டுவியா?"

மெஷின்களைச் சுத்தம் செய்து பழையபடி விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். யாரும் சிடி கொண்டுவந்தால் முதலில் ஒரு மெஷினில் மட்டும் போட்டுப் பார்ப்பது என்று திலீப்பே ஒரு சட்டம் போட்டான். ஸ்டெல்லா மறுபடியும் ஹெட்போன் வாங்கினாள். இந்த முறை ஒயரை மேஜைக் காலோடு சேர்த்துத் துணி நாடாவால் கட்டிவிட்டோம், இழுத்தாலும் அறாது. ஸ்பீக்கர்களை ஒரு மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டாள்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். இன்றைக்கு லினக்ஸில் அநேக ஆட்டங்கள் நன்றாகவே ஓடுகின்றன என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். சந்தோஷம். ஆனாலும் கஸ்டமர் கேட்டால் உடனே தலையை ஆட்டாதீர்கள். என்ன ஆட்டம், யார் ஆடுகிறார்கள், ஓடாவிட்டால் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று மூன்றையும் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள். நேற்றைக்கு வேண்டாம் என்று சொன்னதை இன்றைக்குப் போடு என்று சொல்ல வேண்டி வந்தால் வெட்கப்படாதீர்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டெல்லா என்னையும் கூப்பிட்டிருந்தாள். வேதகிரி சார் தட்டோடு இறங்கி வந்து எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார். நடந்தது அத்தனையும் அவருக்குத் தெரியும், ஸ்டெல்லாவே ஒரு நாள் சொல்லிவிட்டிருந்தாள். முடிந்ததும் அவள் கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், ஏணியைச் சாத்தி ஏறினாள். "நம்மள காப்பாத்துனது இதுதான் சார். இதுக்கும் வச்சிட்றேன்."

வேதகிரி சார் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு வேண்டாம்மா, இறங்கு. அவசரத்துக்கு ஒண்ணு முழிச்சிட்டு இருக்கட்டும்" என்றார்.

அவள் இறங்கி வந்து, குழைத்த சந்தனத்தை என்ன செய்வது என்று பார்த்துவிட்டு, என் இரண்டு கைகளிலும் தடவிவிட்டாள். அப்படியானால் நாளைக் காலை வரை என்னை யாரும் தொடக் கூடாது, வேலை சொல்லக் கூடாது என்றேன். வேதகிரி சார் சிரித்தார். சுண்டலில் இந்த வருஷம் உப்பு சரியாக இருந்தது.